ஆந்தைக் காசும் ஐம்பது கசையடியும்

"கெட்ட பணம் நல்ல பணத்தை விரட்டிவிடும்." காமர்ஸ் படிப்பவர்கள் கிரஷாம் விதியை மறந்திருக்க மாட்டீர்கள். கிரஷாம் 16ஆம் நூற்றாண்டுக்காரர். ஆனால் அவருக்கு ஏறத்தாழ 2000 ஆண்டுகள் முன்பே ஏதென்ஸ் கடைத்தெரு அதை அனுபவித்துவிட்டது!

ஏதென்ஸின் வெள்ளிக் காசில் ஒரு பக்கம் அதீனா தெய்வத்தின் தலை, மறுபக்கம் அவளுடைய ஆந்தை. நான்கு திராக்மா மதிப்பு, சுமார் 17 கிராம் எடை, கிட்டத்தட்ட கலப்பில்லாத வெள்ளி. எகிப்து வரை இந்தக் காசு செல்லுபடியானது.

வெள்ளி வந்தது லாரியன் சுரங்கங்களிலிருந்து. கி.மு. 483 வாக்கில் அங்கே பெரிய வெள்ளிப் படிவு கிடைத்தது. ஆளுக்குக் கொஞ்சம் பங்கு போடலாம் என்று பேச்சு எழுந்தது. தெமிஸ்டோக்ளிஸ் அதைத் தடுத்து, போர்க்கப்பல்கள் கட்ட வைத்தார். கி.மு. 480இல் சலாமிஸில் பாரசீகக் கடற்படை தோற்றதற்கு அந்தக் கப்பல்கள் முக்கியக் காரணம்.

சரி, அந்த வெள்ளியைத் தோண்டியது யார்? அடிமைகள். கி.மு. 413இல் ஸ்பார்ட்டாப் படை பக்கத்திலேயே டெக்கெலியாவில் முகாமிட்டதும் 20,000க்கும் மேற்பட்ட அடிமைகள் ஏதென்ஸை விட்டு ஓடிவிட்டதாகத் துசிடிடீஸ் எழுதுகிறார். சுரங்கங்கள் முடங்கின. கி.மு. 406 வாக்கில் செம்பின் மேல் வெள்ளி பூசிய காசு புழக்கத்துக்கு வந்தது. நல்ல காசெல்லாம் பெட்டிக்குள் பதுங்கியது. கி.மு. 405இல் அரங்கேறிய 'தவளைகள்' நாடகத்தில் அரிஸ்டோபனீஸ் இதைக் கிண்டலடித்திருக்கிறார்.

போர் முடிந்த பிறகும் போலிக் காசுத் தொல்லை தீரவில்லை. கி.மு. 375 வாக்கில் இதற்கென்றே ஒரு சட்டம் போட்டார்கள். அதன் கல்வெட்டு 1970இல் ஏதென்ஸ் சந்தை அகழாய்வில் கிடைத்தது. சட்டப்படி, பணமாற்று மேசைகளுக்கு நடுவே ஒரு சோதகர் உட்கார வேண்டும். உள்ளே செம்போ ஈயமோ இருந்தால் காசை அங்கேயே வெட்டிவிட வேண்டும். அவர் நல்லதென்று சொன்ன காசை வாங்க மறுத்தால், வியாபாரியின் அன்றைய சரக்கு பறிமுதல்!

இவ்வளவு அதிகாரம் உள்ள அந்தச் சோதகர் யார் தெரியுமா? அரசுக்குச் சொந்தமான ஓர் அடிமை. வேலையில் தவறினால் 50 கசையடி.

முத்திரை இருப்பதால் பணத்தை நம்புகிறோம் என்கிறோம். ஏதென்ஸில் அந்த முத்திரைக்கு முன்னால் வெள்ளி தோண்டியவனும் அடிமை, பின்னால் அது அசல் என்று உறுதி சொன்னவனும் அடிமை. ஊரே நம்பிய காசில் அவர்கள் உழைப்புதான் இருந்தது. முகம் மட்டும் அதீனாவுடையது.