வண்டி என்னுது

கெடிலம் பாலத்தில் என் மொபெட் நின்றுபோன அன்று திருவந்திபுரத்தில் முகூர்த்த நாள். கல்யாண வேன்கள் பின்னால் ஹாரன் அடிக்க, வண்டியைத் தள்ளிக்கொண்டே மெக்கானிக்கிடம் போனேன். கார்புரேட்டரைக் கழற்றிப் பார்த்தவர், என்ன கோளாறு என்பதை, சேதி கேட்டு வந்து நின்ற என் கணவரிடம் சொன்னார். கணவருக்கு மொபெட் ஓட்டவே தெரியாது.

நான் வாய் திறக்கவில்லை. அவர் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே கிண்ணம்போல ஓர் அறையில் பெட்ரோல் நிற்கிறது. எஞ்சின் இழுக்கும் காற்று அதைச் சின்னப் பித்தளை ஜெட் வழியே உறிஞ்சுகிறது. ஜெட்டில் தூசி அடைத்தால் வண்டி நிற்கும். அடுத்த முறை வீட்டு வாசலிலேயே கழற்றி நானே ஊதினேன். மார்கழிக் காலையில் சோக்கை எவ்வளவு நேரம் இழுத்துவைப்பது என்பதும் கைக்குப் பழகியது. முனைவர் பட்டத்துக்குக்கூட இத்தனை ரகசியமாகப் படித்ததில்லை.

2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 விதி. கீரைக்கட்டும் பால்கேனும் சுமக்கும் டிவிஎஸ் எக்ஸ்எல் 100கூட எலெக்ட்ரானிக் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறியது. பம்ப் அழுத்தித் தரும் பெட்ரோலை இன்ஜெக்டர் தூவுகிறது. அது எத்தனை மில்லிசெகண்ட் திறந்திருக்க வேண்டும் என்பதை, சென்சார்கள் தரும் தகவலை வைத்து ஈசியு என்ற சிறு பெட்டி கணக்கிடுகிறது. எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று. இந்த அளவையொட்டி இருந்தால்தான் புகைக்குழாயிலுள்ள கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் நச்சுவாயுக்களை ஒழுங்காகக் குறைக்கும். நல்ல மாற்றம்தான், முகூர்த்த நாளில் பாலத்தைக் கடக்கும் என் மூக்குக்குத் தெரியும். ஆனால் ஊதுவதற்கு ஜெட் இல்லை.

போன மாதம் என் புது வண்டியில் மஞ்சள் விளக்கு எரிந்தது; அணையவில்லை. அதே ஒர்க்‌ஷாப். புதிதாகச் சேர்ந்திருந்த இளைஞன் கேபிளைச் செருகிக் கையடக்கத் திரையைப் படித்தான். படித்ததை, கூட வந்த என் பதினாறு வயது மகனிடம் விளக்க ஆரம்பித்தான். முன்பு சும்மா நின்று பார்த்தே கற்றுக்கொள்ள முடிந்தது. இதில் கேட்டால்தான் உண்டு.

"தம்பி, வண்டி என்னுது. எங்கிட்ட சொல்லுப்பா."

"இல்ல மேடம், இது டெக்னிக்கல்…"

"சொல்லு. புரியலன்னா கேக்கறேன்."

த்ராட்டில் சென்சாருக்குப் போகும் இணைப்பில் ஈரம் இறங்கியிருக்கிறதாம். கழற்றிக் காட்டச் சொன்னேன். ஊசிமுனை அளவு உலோகக் காலில் பச்சைக் களிம்பு. பழைய மெக்கானிக்கும் என் தோளருகே எட்டிப் பார்த்தார்.

"எனக்கும் இதெல்லாம் புதுசுதாம்மா" என்றார்.

மற்ற சென்சார்கள் எங்கே இருக்கின்றன என்று கேட்டேன். இளைஞன் எங்கள் இருவருக்கும் சேர்த்தே காட்டத் தொடங்கினான்.