அப்பாவின் வீரா

மலாய் மொழியில் 'வீரா' என்றால் வீரன். தமிழர்களுக்கு விளக்கம் தேவைப்படாத சொல். 1993-ல் மலேசியாவின் புரோட்டோன் நிறுவனம் தன் புதிய காருக்கு இந்தப் பெயரை வைத்தது. பெயரில்தான் வீரம்! 1.5 லிட்டர் இஞ்சின், சுமார் 90 குதிரைத்திறன். மார்க்கெட்டுக்குப் போக, பிள்ளைகளைப் பள்ளியில் விட, தீபாவளிக்குக் குடும்பத்தோடு ஊருக்குக் கிளம்ப... அதற்கான காடி. (மலேசியத் தமிழர்கள் பேச்சில் கார் என்றால் காடிதான்.)

கிள்ளானில் ஒரு லாரி ஓட்டுநர் 1995-ல் அப்படி ஒரு வெள்ளை வீராவை வாங்கினார். ஏழு வருடத் தவணை. அவர் வாழ்க்கையில் வாங்கிய முதல் புதிய வண்டி அது. கடைசிப் புதிய வண்டியும் அதுதான். அந்த வண்டியைத்தான் அவருடைய மகன் வெட்டினார்.

ஆமாம், வெட்டினார். கொஞ்சம் பொறுங்கள், விஷயத்தைக் கேட்டுவிட்டுத் திட்டலாம்.

மகனுக்குக் கார்ப் பைத்தியம் சின்ன வயதிலேயே பிடித்தது. அதற்கும் அப்பாதான் காரணம். ஷா ஆலாம் பக்கத்தில் பத்து தீகா பந்தயத் திடல் இருந்தது (2003-ல் அதை இடித்துவிட்டார்கள்). ஞாயிற்றுக்கிழமைகளில் பையனை அங்கே கூட்டிப் போவார். கூட்டத்தில் தோள்மேல் உட்கார்ந்து பார்த்த பையனுக்கு யார் ஜெயித்தார்கள் என்பதெல்லாம் நினைவில்லை. சத்தம் மட்டும் மறக்கவேயில்லை. பள்ளி முடித்ததும் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கேதான் அந்த ரகசியம் தெரிந்தது.

வீரா, மிட்சுபிஷி லான்சர் காரை அடிப்படையாகக் கொண்டது. அதே லான்சர் உடம்பில்தான் மிட்சுபிஷி 1992-ல் லான்சர் எவொலூஷன் என்ற ராலி காரைச் செய்தது. உலக ராலியில் ஓட வேண்டுமானால் சில ஆயிரம் கார்களையாவது பொதுமக்களுக்கு விற்றாக வேண்டும் என்பது அன்றைய விதி. அதனால் பந்தயக் கார் கடைக்கு வந்தது. 1995-ல் வந்த மூன்றாவது எவோவில் 2 லிட்டர் டர்போ இஞ்சின், நான்கு சக்கரத்துக்கும் சக்தி, 270 குதிரைத்திறன். வீட்டு வாசலில் நிற்கும் வீராவுக்கு இது அண்ணன் முறை!

அண்ணனை முழுசாக வாங்க இறக்குமதி வரி கட்டி மாளாது. ஆனால் பாதியாக வாங்கலாம். ஜப்பானில் புதுக் காருக்கு மூன்று வருடத்திலும், பிறகு இரண்டு வருடத்துக்கு ஒரு முறையும் கட்டாயப் பரிசோதனை உண்டு. செலவு அதிகம் என்பதால் பலர் நல்ல காரையே கழித்துவிடுவார்கள். அவற்றில் சிலவற்றை நடுவில் வெட்டி, முன்பாதியை உதிரிபாகமாகக் கப்பலில் ஏற்றி அனுப்புவார்கள். இஞ்சின், கியர்பாக்ஸ், வயர்கள், கம்ப்யூட்டர் எல்லாம் அதிலேயே இருக்கும். இதற்குப் பெயர் ஹாஃப் கட். கிள்ளான் துறைமுகத்தில் இறங்கி, சுற்றுவட்டாரக் கடைகளில் மீன் மார்க்கெட் மாதிரி வரிசையாகக் கிடக்கும்.

மகன் ஆசையைச் சொன்னபோது அப்பா கத்தவில்லை. "தவணை முடியட்டும்டா. பேங்க் காடிய வெட்ட நமக்கு உரிமையில்ல" என்றார். 2002-ல் தவணை முடிந்தது. அதே ஆண்டு மலேசிய ராலி ஓட்டுநர் கரம்ஜித் சிங், உற்பத்திக் கார்களுக்கான உலக ராலிப் பட்டத்தை வென்றார். அதை வென்ற முதல் ஆசியர் அவர்தான். அவர் ஓட்டியது புரோட்டோன் பெர்ட். அதாவது மூன்றாவது எவோதான், புரோட்டோன் பெயரில்! அதற்குமேல் மகனைப் பிடிக்க முடியுமா? அடுத்த வருடம் தவுக்கே கடையில் சேமிப்பையெல்லாம் கொட்டி ஒரு முன்பாதியும், பின் அச்சும் வாங்கிவிட்டார்.

இஞ்சினை மாற்றினால் போதும் என்று நினைக்கிறீர்களா? வீரா முன்சக்கரத்தால் ஓடும் வண்டி. பின்சக்கரத்துக்கும் சக்தி போக வேண்டுமென்றால் அடியில் தண்டு ஓட வேண்டும், பின்னால் டிஃபரென்ஷியலுக்கு இடம் வேண்டும், பெட்ரோல் டாங்கி மாற வேண்டும். பின்தரையை வெட்டித்தான் ஆக வேண்டும். கட்டர் தீப்பொறி பறந்தபோது அம்மா உள்ளே போய்விட்டார். அப்பா நின்று பார்த்தார். பிறகு சாலைப் போக்குவரத்து இலாகாவில் இஞ்சின் மாற்றத்தைப் பதிவு செய்ய அலைந்ததும் அவர்தான்.

வண்டி ஓடியது. பறந்தது என்றே சொல்லலாம். எட்டு மாதம்.

அந்த இஞ்சினில் முன்னால் இரண்டு பெல்ட்டுகள் உண்டு. பெரியது வால்வுகளின் நேரத்தைக் காக்கும். சின்னது அதிர்வைக் குறைக்கும் தண்டைச் சுற்றும். சின்னது அறுந்தால் பெரியதில் போய்ச் சிக்கும். பெரியது நழுவினால் வால்வுகள் பிஸ்டனில் மோதும். வந்த பெல்ட்டுகள் பழசு என்பது மகனுக்குத் தெரியும். புதுசு வாங்கக் கொஞ்சம் வெள்ளிதான் ஆகியிருக்கும். டர்போவுக்குப் பெரிய குழாய் வாங்கக் காசு இருந்தவர், "அடுத்த மாதம் பார்ப்போம்" என்று பெல்ட்டை விட்டுவிட்டார். அடுத்த மாதம் நெடுஞ்சாலையில் ஒரு சத்தம்... அதோடு சரி. வளைந்த வால்வுகளோடு வண்டி இழுவை லாரியில் வீடு வந்தது.

அப்பா அன்றைக்குச் சொன்னது ஒரே வாக்கியம்: "பிரேக்குக்கும் பெல்ட்டுக்கும் கடன் சொல்லக்கூடாதுடா."

மகன் பல நாள் அந்த வண்டிப் பக்கமே போகவில்லை. அப்பாவின் ஏழு வருட உழைப்பை வெட்டி, அதையும் ஓடாமல் செய்தாயிற்று. ஒரு சாயங்காலம் பார்த்தால், அப்பா காலி மைலோ டின்களை வரிசையாக வைத்து, போல்ட்டுகளைக் கழற்றி அளவுவாரியாகப் போட்டுக்கொண்டிருக்கிறார். ஒவ்வொரு டின்னிலும் எழுத்து. "எங்கேருந்து கழட்டினதுன்னு தெரிஞ்சாதான் எங்க மாட்டுறதுன்னு தெரியும். வா, உக்காரு."

நான்கு மாதம் ஆனது. பதினாறு புது வால்வுகளையும் அரைக்கும் பசை தடவி, குச்சியால் உருட்டி உருட்டி இருக்கையில் பொருத்தினார்கள். எட்டு அப்பா, எட்டு மகன். கார் கம்ப்யூட்டரைத் திறந்தால் மீன் வாடை! பழைய கெப்பாசிட்டர்கள் கசிந்தால் அப்படித்தான் நாறும். அம்மா குசினியில் தேடிக்கொண்டிருந்தார். அதையும் மாற்றினார்கள். பெல்ட்டுகள் இரண்டும் இந்தத் தடவை புதுசு. முதல் சாவியை அப்பாதான் திருப்பினார்.

2012-ல் அப்பா காலமானார். மகன் அதற்குப் பிறகு வேறு ஜப்பானியக் கார்களும் வாங்கினார், பிரித்தார், கட்டினார், விற்றார். வீராவை மட்டும் விற்கவில்லை.

எவோக்களின் மதிப்பு இப்போது எங்கேயோ போய்விட்டது. அமெரிக்காவில் 25 வயதான வெளிநாட்டுக் காரை இறக்குமதி செய்யலாம் என்பது சட்டம். 1995 எவோவுக்கு 2020-ல் அந்த வயது வந்தது. முன்புபோல் அவை மலிவாக வெட்டுப்படுவதில்லை. வீராவில் இருக்கும் இஞ்சினையும் அச்சையும் மட்டும் கேட்டு ஒருவர் நல்ல விலை பேசினார். பின்சக்கர வளைவில் துருவும் ஏறிவிட்டது. வேறு உடம்புக்கு மாற்றிவிடு, வேலை மிச்சம் என்று பட்டறை நண்பர்களும் சொல்கிறார்கள்.

கணக்குப்படி அவர்கள் சொல்வது சரி. அந்த இஞ்சின் ஜப்பானில் யாரோ கழித்துப் போட்டது. விலை மதிப்பு முழுக்க அதில்தான். ஆனால் அவருக்குத் துருப்பிடித்த தகரம்தான் வண்டி. அதைத்தான் ஒரு மனிதர் ஏழு வருடம் இரவும் பகலும் லாரி ஓட்டி அடைத்தார்.

துருவை வெட்டியெடுத்துத் தகடு வைத்து ஒட்டிக்கொண்டிருக்கிறார், மெதுவாக, ஞாயிற்றுக்கிழமைகளில். எவோவின் மீட்டரைப் பொருத்தியபோது கழற்றிய பழைய வீரா மீட்டர் அலமாரியில் இருக்கிறது. அதில் நின்றுபோன கிலோமீட்டர்கள் பெரும்பாலும் அப்பா ஓட்டியவை.

போல்ட்டுகள் இன்னும் மைலோ டின்களில்தான். எழுத்து மட்டும் இப்போது மகனுடையது.