லூப் லைனில் நிற்கும் அப்பா

எலக்ட்ரிக் ட்ரெயின் நடுவழியில் நிற்கும்போது, பக்கத்துப் பாதையில் ஒரு கூட்ஸ் வண்டி தடதடவென்று போவதைப் பார்த்து நீங்க திட்டியிருக்கீங்களா? நான் திட்டியிருக்கேன். பெட்டியை எண்ணிக்கிட்டே திட்டியிருக்கேன். ஐம்பத்தெட்டு பெட்டி, கடைசியில் ஒரு பிரேக் வேன். "மனுஷனை நிறுத்திட்டு கரியை அனுப்புறாங்க பாரு"ன்னு பக்கத்து சீட் அக்கா சொல்ல, நானும் தலையாட்டியிருக்கேன்.

இதில் ஒரு சின்ன சிக்கல். என் அப்பா கூட்ஸ் வண்டி ஓட்டுபவர்.

எங்க ஊர் பொன்னேரி. காலேஜுக்காக ஈக்காட்டுத்தாங்கலில் சித்தி வீட்டில் இருக்கேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஈக்காட்டுத்தாங்கல் மெட்ரோவில் ஏறினால் சென்ட்ரல் வரை ஒரே வண்டி. அங்கே இறங்கி, மூர் மார்க்கெட் பக்கம் ஓடி, கும்மிடிப்பூண்டி லோக்கலைப் பிடிக்கணும். மெட்ரோவில் எத்தனை மணிக்குப் போய்ச் சேருவேன்னு அம்மாகிட்ட சொல்லிடலாம். லோக்கலில் ஏறினபிறகு "வந்துட்டு இருக்கேன்"னு மட்டும்தான் சொல்ல முடியும்.

ஏன் இந்த வித்தியாசம்? மெட்ரோ புதுசு, லோக்கல் பழசு என்பது மட்டும் காரணம் இல்லை. 2015 ஜூனில் கோயம்பேடு–ஆலந்தூர் பாதை திறந்த நாளிலிருந்து அந்தத் தண்டவாளத்தில் மெட்ரோவைத் தவிர வேறு வண்டி எதுவும் ஓடுவதில்லை. எல்லாம் ஒரே வேகம், எல்லாம் எல்லா ஸ்டேஷனிலும் நிற்கும். பொன்னேரி பாதை அப்படி இல்லை. டெல்லி, ஹவுரா போகும் எக்ஸ்பிரஸ்கள் அதில்தான் போகணும். எண்ணூர் காமராஜர் துறைமுகத்தின் நிலக்கரியும் கன்டெய்னரும் அத்திப்பட்டு வழியா அதே பாதைக்குத்தான் வரும். நடுவில், ரெண்டு மூணு கிலோமீட்டருக்கு ஒருதரம் நின்னு நின்னு போகும் எங்க லோக்கல். நான் வளர்ந்த காலம் முழுக்க எங்க ஊர் வழியா போக ஒன்று, வர ஒன்று, ரெண்டே பாதை.

இன்ஜினியரிங் படிக்கிறோம், ஒரு கிராஃப் போட்டுப் பார்ப்போம். எக்ஸ் அச்சில் நேரம், ஒய் அச்சில் தூரம். ஒவ்வொரு வண்டியும் ஒரு கோடு. மெட்ரோ கோடுகள் எல்லாம் ஒரே சரிவு. நெருக்கி நெருக்கிப் போடலாம். இப்போ எக்ஸ்பிரஸுக்கு ஒரு செங்குத்தான கோடு, கூட்ஸுக்கு ஒரு படுத்த கோடு, லோக்கலுக்கு ஒரு படிக்கட்டுக் கோடு போடுங்க. ஒன்றையொன்று வெட்டும். வெட்டுற இடத்தில் ஒரு வண்டி ஒதுங்கி நிற்கணும். அதுக்குத்தான் ஸ்டேஷனில் லூப் லைன். ரயில்வே கன்ட்ரோல் ஆபீஸில் உட்கார்ந்து இருப்பவர்கள் நாள் முழுக்க போடுற கணக்கு இதுதான்.

யார் ஒதுங்குறது? ஒருநாள் அப்பாகிட்ட என் புகாரைச் சொன்னேன். சிரிச்சார். "ஏம்மா, நீ இருபது நிமிஷம் நின்னதுக்கே இவ்ளோ பேசுற. நான் லூப்ல போட்டா மூணு மணி நேரம். எக்ஸ்பிரஸ் போகும், லோக்கல் போகும், இன்னொரு எக்ஸ்பிரஸ் போகும். நீ ஓடுற கூட்ஸைத்தான் பாக்குற. நிக்கிற கூட்ஸை யாரு எண்ணுறா?"

அவர் சொன்னது உண்மை. நம்ம நாட்டில் பயணிகள் வண்டிக்குத்தான் பொதுவா முன்னுரிமை. கூட்ஸ் பெரும்பாலும் வரிசையில் கடைசி. காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்தால் அதன் சராசரி வேகம் மணிக்கு 25 கிலோமீட்டர்தான் வரும். ஆனால் ரயில்வே வருமானத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சரக்கிலிருந்து வருது. நான் 5 ரூபாய், 10 ரூபாய் டிக்கெட்டில் போறது அந்தக் காசில்தான்.

2024 அக்டோபர் 11. இரவு எட்டரை மணி போல, மைசூர்–தர்பங்கா பாக்மதி எக்ஸ்பிரஸ் கவரைப்பேட்டையில் மெயின் லைனில் போகவேண்டியது லூப் லைனுக்குள் புகுந்து, அங்கே நின்ற கூட்ஸ் மேல் மோதியது. கவரைப்பேட்டை எங்களுக்கு அடுத்த ஸ்டேஷன். ஈக்காட்டுத்தாங்கலில் போனைப் பார்த்தேன். "கவரைப்பேட்டை", "கூட்ஸ்" என்ற ரெண்டு வார்த்தைதான் கண்ணில் பட்டது. அப்பா அன்று டூட்டி. டூட்டியில் போனை ஆஃப் பண்ணிடுவார். அவர் வண்டி காட்பாடி பக்கம் போனதுன்னு அம்மா சொன்னாங்க, ஆனா அம்மா குரலும் நடுங்குச்சு. சித்தி சாப்பாட்டை வச்சுட்டு எதிரே உட்கார்ந்திருந்தாங்க. நான் தொடவே இல்லை. பதினொன்றே முக்காலுக்கு அப்பா கூப்பிட்டார். "இப்பதான்மா இறங்கினேன். வழியில ரெண்டு மணி நேரம் லூப்ல போட்டுட்டாங்க." அந்த விபத்தில் உயிர்ச்சேதம் இல்லை என்பது அப்புறம்தான் தெரிஞ்சது. அன்றிலிருந்து கூட்ஸை நான் திட்டுவதில்லை.

சரி, அப்போ லோக்கல் அதிகம் கேட்கக்கூடாதா? கேட்கணும். ஆனா என்ன கேட்கிறோம்னு தெரிஞ்சு கேட்கணும்.

அமெரிக்காவைப் பாருங்க. 1971-ல் தொடங்கின ஆம்ட்ராக் ரயில்கள் பெரும்பாலும் சரக்குக் கம்பெனிகளுக்குச் சொந்தமான தண்டவாளத்தில்தான் ஓடுது. பயணிகள் வண்டிக்கு முதலிடம்னு 1973-லிருந்தே சட்டம் இருக்கு. இருந்தும் ஒரு கூட்ஸ் பின்னாடி மாட்டினால் காத்திருக்க வேண்டியதுதான். வர்ஜீனியா மாநிலம் வேற வழி எடுத்தது. 2019-ல் சிஎஸ்எக்ஸ் என்ற சரக்குக் கம்பெனியோடு 370 கோடி டாலர் திட்டம் ஒன்றை அறிவித்து, நிலத்தையும் தண்டவாளத்தையும் வாங்கி, புதுப் பாதையும் பாலமும் கட்ட ஆரம்பிச்சது. முன்னுரிமையை பேப்பரில் எழுதினா போதாது, அதுக்கு இடம் வேணும்.

நம்ம ஊரிலும் அந்த விலை தெரியும். கடற்கரை–எழும்பூர் நாலாவது பாதைக்காக 2023 ஆகஸ்டில் நிறுத்தின பறக்கும் ரயிலின் கடற்கரை–சிந்தாதிரிப்பேட்டை பகுதி, 2024 அக்டோபரில்தான் திரும்ப ஓடுச்சு. போட்டது சுமார் 4 கிலோமீட்டர். சரக்குக்கே தனிப் பாதை வடக்கே இருக்கு: லூதியானாவிலிருந்து பீகாரின் சோன்நகர் வரை 1,337 கிலோமீட்டர், மும்பை நவசேவா துறைமுகத்திலிருந்து தாத்ரி வரை 1,506 கிலோமீட்டர் திட்டம். தமிழ்நாட்டில் ஒரு கிலோமீட்டர்கூட இல்லை.

"கூட்ஸைக் குறை, லோக்கலை விடு" என்பது சுலபமான கோஷம். ஒரு கரி ரேக்கில் சுமார் 4,000 டன் இருக்கும். 25 டன் லாரின்னு வச்சா 160 லாரி. இரவு பத்து மணிக்கு மேல் ஈக்காட்டுத்தாங்கல் நூறடி ரோட்டை ஒருதரம் குறுக்கே கடந்து பாருங்க. 1951-ல் நாட்டின் சரக்கில் 80 சதவீதத்துக்கு மேல் ரயிலில் போச்சு. இப்போ மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. மிச்சம் எங்கே போகுதுன்னு அந்த ரோட்டில் தெரியும்.

அதனால், கும்மிடிப்பூண்டி பக்கம் கூடுதல் வண்டி கேட்டு யாராவது மனு கொண்டுவந்தால் தாராளமா கையெழுத்துப் போடுங்க. கீழே ஒரு வரி சேர்த்து எழுதச் சொல்லுங்க: அத்திப்பட்டுக்கு வடக்கே மூன்றாவது, நான்காவது பாதை. பல வருஷமா பேச்சில் இருக்கிற விஷயம்தான். அது வந்தால் நானும் நேரத்துக்கு வீட்டுக்குப் போவேன், அப்பாவும் வருவார்.

போன வெள்ளிக்கிழமை லூப்பில் ஒரு கூட்ஸ் நின்னுச்சு. ஜன்னல் வழியா கையாட்டினேன். இன்ஜினில் இருந்தவர் யாரோ, அப்பா இல்லை. ஆனா அவரும் கையைத் தூக்கினார்.