வீட்டோடு ஒரு யாத்திரை

விடுமுறை என்றதும் நம்மவர்களில் பலருக்கு உதகமண்டலமும் கொடைக்கானலுமே ஞாபகத்துக்கு வருகின்றன. கூட்டத்துக்குப் பயந்து ஊரைவிட்டுக் கிளம்பி, அதைவிடப் பெரிய கூட்டத்தில் போய்ச் சேருகிறோம். சென்ற மார்கழியில், அரையாண்டுப் பரீட்சை முடிந்ததும், நாங்கள் வேறு திசையில் புறப்பட்டோம். படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, கழிப்பறை யாவும் உள்ளேயே அமைந்த 'காரவன்' வண்டி ஒன்றை நான்கு நாளைக்கு வாடகைக்கு அமர்த்திக்கொண்டு, செஞ்சிக்கும் மேல்மலையனூருக்கும் நடுவிலுள்ள கிராமங்களில் தங்கினோம்.

மேனாட்டில் வெகு காலமாக வழங்கும் இவ்வண்டிகளை நம் தேசத்தில் இப்போதுதான் கவனிக்கிறார்கள். கேரள அரசாங்கம் 2021-ஆம் ஆண்டில் இதற்கென்றே ஒரு கொள்கை வகுத்தது. ஆயினும் விஷயம் நமக்குப் புதிதன்று. என் தகப்பனார் சிறு பிள்ளையாக இருந்தபோது, அங்காளம்மன் உத்ஸவத்துக்குக் கூண்டு வண்டியில்தான் போவார்களாம். வைக்கோல் மெத்தை, சட்டி பானை, கட்டுச்சோறு சகிதம் குடும்பமே வண்டியில் குடியிருக்கும்.

அவருக்காகவே இந்த ஏற்பாடு. எண்பது வயதைக் கடந்தவர்; முழங்கால் வலி; கண்ணும் மங்கல். விடுதிப் படிக்கட்டுகளை எண்ணியே பல வருஷமாகப் பிரயாணத்தை விட்டிருந்தார். அமாவாசை இரவில் ஊஞ்சல் உத்ஸவத்துக்கு மேல்மலையனூரில் ஜனசமுத்திரம் திரளுமாதலால், வளர்பிறையில் சென்று அம்மனை நிம்மதியாகத் தரிசித்தோம்.

இரவில், நிலத்துக்காரரிடம் அநுமதி பெற்று, ஓர் ஏரிக்கரையருகே வண்டியை நிறுத்தினோம். பக்ஷிகளைப் பார்க்க விரும்புவோருக்கு இதைவிடச் சௌகரியம் கிடையாது. ஏனெனில் பொழுது விடியும் நாழிகைதான் அவற்றின் நாழிகை. பட்டணத்து விடுதியில் காபி குடித்துவிட்டுக் கிளம்பினால் பாதிக் கச்சேரி முடிந்திருக்கும்.

என் மகளுக்குப் பதின்மூன்று வயது. தொலைநோக்கியும் படப் புத்தகமும் கையுமாக என்னோடு மல்லாட்டைக் கொல்லை வரப்புகளில் நடந்தாள். தாத்தா வண்டி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நாங்கள் கண்ணால் தேடியதை அவர் காதால் பிடித்தார்.

"கரிச்சான் குரல் கொடுத்திச்சு. ஏர் பூட்டுற நேரம்," என்றார் இருட்டிலேயே. புத்தகத்தில் 'செம்மூக்கு ஆள்காட்டி' என்று அவள் படித்த பறவை அவருக்கு வெறும் 'ஆக்காட்டி'. "அது கத்துதுன்னா யாரோ வர்றாங்கன்னு அர்த்தம்" என்றார். அடுத்த நிமிஷம் வரப்பில் ஒரு மாட்டுக்காரப் பையன் தோன்றினான்! தந்திக் கம்பியில் அமர்ந்திருந்த பனங்காடை, சிறகை விரித்ததும் நீலமாய் ஜ்வலித்ததைக் கண்டு அவள் கூவினாள். தாத்தா, பார்க்காமலே, "பனங்காடைதானே?" என்றார்.

மூன்றாம் நாள் செஞ்சிக் கோட்டை. சரித்திரம் போதிக்கும் எனக்கு அங்கே பேசச் சொல்லித் தரவேண்டுமா? ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என மூன்று குன்றுகளை வளைத்த மதில்; 1677-ல் சிவாஜி கைப்பற்றியது; அவர் குமாரர் ராஜாராம் காலத்தில், 1690 முதல் 1698 வரை, மொகலாயப் படையைத் தடுத்து நின்றது; 2025-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் பெற்றது. இவற்றையெல்லாம் சொல்லிக்கொண்டே ஏறினேன். மகளோ பாறை இடுக்குப் புதரைக் காட்டி என் வாயை மூடச் சொன்னாள். மஞ்சள் தொண்டைச் சின்னான்! தென்னிந்தியாவின் பாறைக் குன்றுகளையன்றி உலகில் வேறெங்கும் வாழாத பறவை. கோட்டையைக் கட்டியவர்களுக்கு முன்பே அதன் குலம் அங்கே குடியேறியிருக்க வேண்டும்.

அடிவாரத்தில் காத்திருந்த தாத்தாவிடம் அதன் பெயரைக் கேட்டாள். "தெரியாதும்மா. நாங்க மாடு மேய்ச்சது ஏரிப் பக்கம். நீதான் சொல்லேன்" என்றார். அவள் சொல்ல, அவர் இருமுறை திருப்பிச் சொல்லிப் பழகிக்கொண்டார்.

அன்றிரவு அவளுடைய நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தேன். ஒரு பக்கத்தில் புத்தகப் பெயர். எதிர்ப் பக்கத்தில் தாத்தா சொன்ன பெயர். முப்பத்தொரு பறவைகள். அவற்றுள் ஒன்பதின் நாட்டுப் பெயர்களை நான் கேட்டதே இல்லை.

"என்னோட போயிடும்னு நெனச்சதை இந்தப் பொண்ணு எழுதி வச்சிக்கிச்சு," என்று அவர் என் மனைவியிடம் மெல்லச் சொன்னது என் காதில் விழுந்தது.

நேயர்களே, வண்டி கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் பஸ் இருக்கிறது. குப்பையைத் திரும்பக் கொண்டுவாருங்கள். ஒலிபெருக்கியை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். ஆனால் வீட்டிலுள்ள பெரியவரை மட்டும் விட்டுவிட்டுப் போகாதீர்கள். நம் ஏரிகளையும் பறவைகளையும் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரிந்தவர்கள் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.