கை கூப்பிய கூரை

வெளிநாட்டுப் பிரயாணத்தில் தங்குவதற்குப் பெரிய ஹோட்டல்தான் சௌகரியம் என்பார்கள். வாஸ்தவம்தான். ஆனால் காலையில் சாவியைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தால், இரவு தங்கியது டோக்கியோவா, டொராண்டோவா என்று நாமே யோசிக்க வேண்டியிருக்கும். ஆகவே ஜப்பானில் ஓர் இரவாவது 'மின்ஷுகு'வில் தங்குவது என்று தீர்மானம் செய்திருந்தேன். குடியிருக்கும் வீட்டிலேயே சில அறைகளை ஒழித்துப் பிரயாணிகளுக்கு விடுவதுதான் மின்ஷுகு. சமையல், உபசாரம், கணக்கு எல்லாம் வீட்டு மனிதர்களே. அறைக்கும் அறைக்கும் நடுவே காகிதம் ஒட்டிய கதவுதான்; அடுத்த அறைக்காரர் குறட்டை விட்டால் அதையும் பகிர்ந்துகொள்ள வேண்டியதுதான்!

நான் போனது ஷிராகவாகோவுக்கு. கிஃபு மாகாணத்து மலைகளுக்கு நடுவே இருக்கிறது. தகயாமாவிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அங்கே ஓகிமாச்சி என்ற ஊரில் புல் வேய்ந்த பழைய வீடுகள் ஐம்பதுக்கு மேல் நிற்கின்றன. அந்தக் கூரைக்குக் 'கஷ்ஷோ' என்று பெயர். கை கூப்புதல் என்று அர்த்தம். இரு உள்ளங்கைகளையும் சேர்த்து நிமிர்த்தினாற்போல் அவ்வளவு செங்குத்து. பனி ஆள் உயரத்துக்குக் குவிகிற ஊர். சாய்வு குறைந்தால் கூரை தாங்காது. கூரைச் சட்டங்களை ஆணி அடித்து இணைக்கவில்லை; கயிற்றாலும் வளைந்து கொடுக்கும் கொம்புகளாலும் கட்டியிருக்கிறார்கள். அப்படிக் கட்டியதனால்தான் காற்றுக்கும் பனிக்கும் சற்று அசைந்து கொடுத்து நிற்கிறது. மேல்தட்டுகளில் முன்காலத்தில் பட்டுப்புழு வளர்த்தார்கள்.

வீட்டுக்கார அம்மாளுக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். நான் சைவம் என்பதை முன்கூட்டியே தெரிவித்திருந்தேன். ஜப்பானில் இது சாமானிய விஷயம் அல்ல. கண்ணுக்கு மீன் தெரியாத ரசத்திலும் காய்ந்த மீன் சீவலின் சாறு இருக்கும். அந்த அம்மாளோ கடற்பாசியையும் உலர்ந்த காளானையும் ஊறவைத்துத் தனியாக எனக்கென்று சாறு இறக்கியிருந்தாள். புத்த பிக்ஷுக்களின் சமையல் முறையாம் அது. மலைக்கீரைகளும், மரத்தின் அகன்ற இலைமேல் வைத்துத் தணலில் சுட்ட மிசோவும், சுடுசாதமும் இருந்தன. கூடத்தின் நடுவில், தரையிலேயே பதித்த சதுரக் கணப்பைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டோம். அதை 'இரோரி' என்கிறார்கள். புகை நேரே கூரைக்குள் ஏறுகிறது. அந்தப் புகைதான் புல்லைப் பூச்சி அரிக்காமல் காப்பாற்றுகிறது. கண் எரிகிறதே என்று நாம் முணுமுணுக்கக் கூடாது.

ஒஸாகாவிலிருந்து வந்திருந்த பள்ளி ஆசிரியர் ஒருவரும் அன்று விருந்தாளி. இங்கிலீஷ் அறிந்தவர். அவர் தயவில் பேச்சு நடந்தது.

அதே பள்ளத்தாக்கின் மேற்பகுதியில் மிபோரோ அணை கட்டி 1961-இல் முடித்தபோது, சில கிராமங்கள் நீரில் முழுகின. கஷ்ஷோ வீடுகள் பல விலைபோயின. பிரித்து எடுத்துப்போய் எங்கெங்கோ நட்டார்கள். தங்கள் ஊருக்கும் அந்தக் கதி வராமல் இருக்க, 1971-இல் ஓகிமாச்சிக்காரர்கள் கூடி மூன்று கட்டுப்பாடு செய்துகொண்டார்கள்: வீட்டை விற்பதில்லை, வாடகைக்கு விடுவதில்லை, இடிப்பதில்லை. 1995-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரிய ஸ்தலம் என்று அறிவித்ததற்கு அஸ்திவாரம் அந்த மூன்று வார்த்தைதான் என்பேன். ஊரை சர்க்கார் காப்பாற்றும் என்று உட்கார்ந்திருக்கவில்லை அவர்கள்.

"பகலில் வருகிறவர்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கிறார்கள். உள்ளே மனுஷர்கள் குடியிருப்பது அவர்களுக்கு ஆச்சரியம்" என்று சொல்லி அம்மாள் சிரித்தாள்.

புருஷன் காலமாகிவிட்டார். ஒரே மகனுக்கு நகோயாவில் உத்தியோகம். தனக்குப் பின் விடுதியை யார் நடத்துவது என்று ஆசிரியர்தான் கேட்டார். எனக்குக் கேட்கத் துணிவு வரவில்லை. வெளி ஆளுக்கு வாடகைக்கு விட முடியாது. விற்கவும் முடியாது. வீட்டைக் காத்த கட்டுப்பாடே வீட்டுக்காரியின் கையைக் கட்டிப்போட்டிருக்கிறதே என்று எனக்குப் பட்டது. கட்டுப்பாடு தளர்ந்தால் வீதி முழுவதும் பட்டணத்து முதலாளியின் கடைகளாகிவிடும் என்பதும் தெரிகிறது. எந்தப் பக்கம் பேசுவது?

அம்மாள் உடனே பதில் சொல்லவில்லை. கூரையை அண்ணாந்து பார்த்தாள்.

"இது வேய்ந்து பதினைந்து வருஷம் ஆகிறது. முப்பது வருஷம் தாங்கும். நான் கல்யாணமாகி வந்தபோது ஊரே சேர்ந்து, ஒரு பக்கத்துக்கு நூறு, இருநூறு பேர் ஏறி வேய்வார்கள். அவரவர் வீட்டு முறை வரும்போது நாம் போய் உழைக்க வேண்டும். இப்போது கூலிக்கு ஆள் வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். பேரனுக்கு இப்போது நான்கு வயது. அடுத்த தடவை வேயும்போது அவனுக்குப் பத்தொன்பது. ஏணி ஏறுகிற வயதுதான்."

மகனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு தணலைச் சாம்பலால் மூடி, இரண்டு முறை கையை வைத்துப் பார்த்துவிட்டு எழுந்தாள். புல்கூரை ஊரில் ஒரு பொறி போதும். அதனால் வீட்டுக்கு வீடு முறைவைத்து, நெருப்பு ஜாக்கிரதை என்று கூவிக்கொண்டு சுற்றி வருகிறார்கள். அன்று இந்த வீட்டின் முறை. மாடத்திலிருந்து இரண்டு மரக்கட்டைகளை எடுத்துக்கொண்டு, எங்களைப் படுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் படி இறங்கினாள். மெத்தையில் படுத்தபடி வெகு நேரம் கேட்டுக்கொண்டிருந்தேன். டக், டக் என்று கட்டைகளின் ஓசை வயல் ஓரமாகப் போய், ஆற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது.