அளந்து பாருங்க... அப்பாடா சொல்லுங்க!

ஒரு பிளவுஸ் தைக்கக் கொடுக்கும்போது என்னென்ன அளவு கொடுக்கிறோம்? தோள், கழுத்து, கை நீளம், கை சுற்றளவு, மார்பு, இடுப்பு, முன் உயரம், பின் உயரம்னு டெய்லர் அக்கா நோட்டுல ஒரு பக்கமே நிறைஞ்சிடும். வருஷத்துக்கு நாலு தடவை கட்டுற புடவைக்கு இவ்ளோ அளவு! ஆனா, தினமும் பன்னிரண்டு மணி நேரம் உடம்போட ஒட்டிக் கிடக்கிற பிராவுக்கு? "ஒரு முப்பத்தாறு குடுங்க." அவ்ளோதான்!

(பசங்களா, அவசரமா பக்கத்தைப் புரட்டாதீங்க. உங்க வீட்லயும் அம்மா, தங்கச்சி இருக்காங்க. படிங்க!)

பெரும்பாலான கடைகள்ல சீன் இதுதான். கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் ஓர் அண்ணன். இந்தப் பக்கம் அம்மா, ரகசியம் சொல்ற மாதிரி "பாடி வேணும்"னு சொல்வாங்க. அவர் நம்மளை ஒரு பார்வை பார்த்துட்டு ஒரு டப்பாவை எடுத்து வைப்பார். போட்டுப் பார்க்கவும் முடியாது. 'உள்ளாடைகள் திரும்பப் பெறப்பட மாட்டாது'னு போர்டு வேற! "கொஞ்சம் லூஸாவே இருக்கட்டும், காத்தோட்டமா இருக்கும்"னு அம்மா முடிவு பண்ண, கவருக்குள்ள கவர் போட்டு, கடத்தல் சரக்கு மாதிரி வீட்டுக்கு வரும்.

சரி, இந்தக் கூச்சத்துக்கு யார் விலை கொடுக்கிறது? உங்க காலேஜ் காரிடார்ல அஞ்சு நிமிஷம் நின்னு பாருங்க. ரெக்கார்ட் நோட்டை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு, தோளைக் குறுக்கிக்கிட்டு நடக்கிற பொண்ணுங்க எத்தனை பேர்! என் ஹாஸ்டல் ரூம்மேட் அப்படித்தான் நடப்பா. த்ரோபால்ல பின்னிப் பெடல் எடுக்கிறவ, செகண்ட் இயர்ல திடீர்னு டீம்ல இருந்து விலகிட்டா. கேட்டா, "படிக்கணும்டி"ன்னா. ஒருநாள் ராத்திரி தோள்ல தைலம் தேய்ச்சு விடச் சொன்னா. அப்பதான் பார்த்தேன். ரெண்டு தோள்லயும் ஸ்ட்ராப் அழுந்தி, வாய்க்கால் வெட்டின மாதிரி பள்ளம்.

"குதிச்சா ஆடுதுடி. கிரவுண்டைச் சுத்தி நிக்கிறவனுங்க சிரிக்கிறானுங்க. அதான் ஸ்ட்ராப்பை இழுத்து இழுத்து டைட் வெச்சுக்கிட்டேன்"னு அழுதுட்டா.

மறுநாளே பெரியம்மாவுக்கு போனைப் போட்டேன். திருநெல்வேலியில இருபது வருஷமா பிளவுஸ் தைக்கிறவங்க. "ஏட்டி, தோளு எப்படித் தாங்கும்? கீழ்ப்பட்டைலா தாங்கணும்! மொதல்ல டேப்பை எடுத்து அளந்து பாருங்கட்டி"ன்னாங்க.

மெக்கானிக்கல் படிக்கிறவளுக்கு இது போதாதா? பளிச்னு புரிஞ்சுது. எடையில பெரும்பங்கைத் தாங்க வேண்டியது மார்புக்குக் கீழே உடம்பைச் சுத்தி வர்ற பட்டை. அது தளர்வா இருந்தா, லோடு முழுக்க ரெண்டு ஒல்லி ஸ்ட்ராப் வழியா தோள்ல இறங்கும். ஸ்ட்ராப்பை இழுக்க இழுக்க முதுகுப் பக்கம் பட்டை மேலே ஏறுமே தவிர, முன்னாடி தாங்காது.

அன்னிக்கு ராத்திரி எங்க ரூம்ல நாலு பேருக்கும் அளவெடுக்கும் படலம்! ரொம்ப சிம்பிள். மார்புக்குக் கீழே, மூச்சை விட்டுட்டு, டேப் ஒட்டினாப்ல ஓர் அளவு. மார்பு எடுப்பா இருக்கிற இடத்துல, இறுக்காம இன்னொரு அளவு. ரெண்டுக்கும் வித்தியாசம் 1 இன்ச்னா ஏ கப், 2 பி, 3 சி, 4 டி. ரூம்மேட்டுக்கு கீழே 32, மேலே 36. அப்போ 32-டி. அவ போட்டுக்கிட்டிருந்தது 38-பி!

"டி-யா... ச்சீ, போங்கடி!"ன்னு அலறினா. கேர்ள்ஸ், அந்த எழுத்தைப் பார்த்து யாரும் பயப்படத் தேவையில்லை. பக்கத்துல நம்பர் இல்லாம அதுக்கு அர்த்தமே கிடையாது. 32-டி, 34-சி, 36-பி மூணுக்கும் கப் கொள்ளளவு ஒண்ணுதான். மாறுறது பட்டை மட்டும்தான். இன்னொரு விஷயம், சில கம்பெனிகள் கீழ் அளவோட நாலஞ்சு இன்ச் கூட்டித்தான் சைஸே போடுது. அதனால, வாங்கப்போற கம்பெனியோட சார்ட்டையும் பார்த்துடுங்க. பெண்கள் விற்கிற, ட்ரையல் ரூம் இருக்கிற ஒரு கடையைத் தேடிப் பிடிச்சு, நாலஞ்சு போட்டுப் பார்த்தா. 34-சி அம்சமா பொருந்துச்சு.

பொருத்தமானு எப்படிக் கண்டுபிடிக்கிறது? புதுசுல, கடைசி வரிசை ஹூக்ல, அதாவது இருக்கிறதுலயே லூஸான ஹூக்ல கச்சிதமா இருக்கணும். எலாஸ்டிக் நாளாக நாளாகத் தளரும். அப்போ உள் வரிசைக்கு மாறத்தான் மூணு வரிசை! பட்டைக்குள்ள ரெண்டு விரல் போகலாம், அதுக்கு மேல இடம் இருக்கக்கூடாது. கையைத் தூக்கினா பட்டை கூடவே ஏறக்கூடாது. கப் ஓரம் சதை பிதுங்கினா கப் சின்னது; துணி சுருங்கி நின்னா பெரிசு. நம்ம ஊர் வெயிலுக்கு, தினப்படிக்கு அகலப் பட்டை வெச்ச காட்டன் பெஸ்ட்.

விளையாட்டுக்கு மட்டும் ஸ்போர்ட்ஸ் பிரா தனியா வேணும். 1977-ல் அமெரிக்காவின் வெர்மான்ட்ல லிசா லிண்டால், பாலி ஸ்மித், ஹிண்டா மில்லர்னு மூணு பெண்கள் சேர்ந்து உருவாக்கினது. முதல் மாடலைத் தைச்சது எதுல தெரியுமா? ஆண் வீரர்கள் உள்ளே போடுற ரெண்டு சப்போர்ட்டரை ஒண்ணா சேர்த்து!

அடுத்தது, ஹாஸ்டல் கொடி. நைட்டிக்கு அடியில, துண்டுக்கு அடியில ஒளிச்சு ஒளிச்சுக் காயப்போட்டா ஈரம் போகவே போகாது. அரைகுறையா காய்ஞ்சதைப் போட்டா அரிப்பும் பூஞ்சைத் தொற்றும்தான் மிச்சம். வெயில்ல போடுங்க, வானம் இடிஞ்சு விழாது! அப்புறம், கம்பி வெச்ச பிரா போட்டா கேன்சர் வரும்னு ஒரு வதந்தி சுத்துதே... 2014-ல் சியாட்டில் ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட ஆய்வுல பிராவுக்கும் மார்பகப் புற்றுநோய்க்கும் தொடர்பு எதுவும் தெரியலை.

ரூம்மேட் இப்போ மறுபடி கிரவுண்ட்ல. சிரிக்கிறவனுங்க இன்னும் அங்கேதான் நிக்கிறானுங்க, இவதான் குனியறதில்லை.

போன லீவுல அம்மாவுக்கும் அளந்தேன். "இந்த வயசுல எனக்கு எதுக்குடி?"ன்னு ஓடினவங்களைப் பிடிச்சு நிறுத்தி அளந்து, புதுசு வாங்கிக் கொடுத்தேன். ரெண்டு நாள் கழிச்சு, துணி மடிச்சுக்கிட்டே மெதுவா சொன்னாங்க... "சாயந்திரம் ஆனா தோள் கடுக்கிறது வயசாகிறதாலதான்னு நினைச்சேன்டி."

இஞ்ச் டேப் என்ன விலை இருக்கும்? ஒரு டீ, சமோசா காசுதான். வாங்கிட்டீங்கன்னா, உங்களுக்கு அளந்த கையோட அம்மாவுக்கும் அளந்துடுங்க!