திரும்பும் பயணத்துக்குக் கட்டணம் இல்லை

எங்களுக்குத் திருமணம் நடந்தது 1981ஆம் ஆண்டில். அப்போது நான் மந்தினுக்கு அருகிலிருந்த ஓர் இரப்பர் தோட்டத்தில் கிராணியாக இருந்தேன். என் மனைவி அதே தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தாள். தேனிலவு என்ற சொல்லை நாங்கள் திரைப்படங்களில்தான் கேட்டிருந்தோம். திருமணத்துக்குக் கிடைத்த விடுப்பு மூன்று நாள். நான்காம் நாள் விடியற்காலையில் இருவரும் பெரட்டுக் களத்தில் நின்றோம். நான் பெயர்ப் பதிவேட்டோடு, அவள் உளியும் வாளியுமாக.

“அடுத்த ஆண்டு எங்கேயாவது போய் வருவோம்” என்று அன்று சொன்னேன். அந்த அடுத்த ஆண்டு வரவே இல்லை. முதலில் பிள்ளைகள் பிறந்தனர். பிறகு அவர்களின் பள்ளிச் செலவு வந்தது. தோட்டத்தில் இரப்பர் மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டபோது நாங்கள் லயத்தை விட்டு வெளியேறி, மந்தினில் ஒரு சிறிய வீட்டுக்குக் கடன் கட்டத் தொடங்கினோம். கடலைப் பார்க்க வேண்டுமென்றால் போர்ட்டிக்சன் இருந்தது. காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம்.

எப்போதாவது நான் வெளியூர்ப் பேச்சை எடுத்தால், “நமக்கெதுக்குங்க ஊர் சுத்துறது? அந்தக் காசு பிள்ளைங்களுக்கு ஆகும்” என்பாள். அவளுக்குப் பயணத்தில் விருப்பமில்லை என்றே நான் முடிவு செய்துவிட்டேன். அந்த முடிவு எனக்கும் வசதியாக இருந்தது.

2019ஆம் ஆண்டில் எங்கள் மகள் எங்களிடம் கேட்காமலேயே இரயில் சீட்டும் தங்குவதற்கு அறையும் ஏற்பாடு செய்துவிட்டாள். பினாங்கில் மூன்று நாள், இரண்டு இரவு. மனைவி மறுப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ, “பினாங்கா?” என்று ஒருமுறை கேட்டுவிட்டு, “சரி, போகலாம்” என்றாள். மகள் செலவழித்த பணம் வீணாகக் கூடாது என்று நினைக்கிறாள் போலும் என எண்ணிக்கொண்டேன்.

சிரம்பானில் காலையில் இரயில் ஏறினோம். கோலாலம்பூரைக் கடந்து, ஈப்போவின் சுண்ணாம்புக்கல் மலைகளைக் கடந்து இரயில் வடக்கே விரைந்தது. தைப்பிங்குக்கு அப்பால் புக்கிட் மேரா ஏரியின் நடுவே தண்டவாளம் செல்கிறது. இரு பக்கமும் நீர் விரிந்தபோது அவள் சன்னலோடு ஒட்டிக்கொண்டாள். ஐந்து மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்தில் ஒருமுறைகூடக் கண்ணயரவில்லை.

பட்டர்வொர்த்தில் இறங்கி ஃபெரித் துறைக்கு நடந்தோம். பினாங்குத் தீவுக்கு 1985ஆம் ஆண்டிலேயே 13.5 கிலோமீட்டர் நீளப் பாலம் கட்டிவிட்டார்கள். ஆனாலும் ஃபெரியில் போக வேண்டும் என்று அவள் கேட்டுக்கொண்டாள். ஆளுக்கு ஒரு ரிங்கிட் இருபது சென் கட்டணம். சில்லறையைக் கையில் வைத்துக்கொண்டு அவள் கேட்டாள்:

“திரும்பி வர்றதுக்கு எவ்வளவுங்க?”

“திரும்பும்போது கட்டணம் இல்லை. போகும்போது மட்டும்தான் வாங்குவார்கள்.”

அவள் ஒன்றும் பேசவில்லை. ஃபெரி கரையை விட்டு நகர்ந்தது. எதிரே ஜார்ஜ்டவுன் நகரின் கட்டடங்கள் வரிசையாகத் தெரிந்தன. எல்லாரும் அந்தப் பக்கம் நின்று படம் எடுத்துக்கொண்டிருக்க, அவள் மட்டும் தெற்குப் பக்கம் போய் நின்றாள். தொலைவில் பாலம் ஒரு கோடுபோல் தெரிந்தது. பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவரிடம், “பாலத்துக்கு அந்தாண்ட பச்சையாத் தெரியுதே, அதுதான் ஜெரஜாக் தீவா ஐயா?” என்று கேட்டாள். அவர் தலையசைத்தார்.

அந்தத் தீவின் பெயர் அவளுக்கு எப்படித் தெரியும்? கேட்டேன். அன்றுதான் கேட்டேன்.

என் மாமியார் தமிழ்நாட்டிலிருந்து 1937ஆம் ஆண்டில் கப்பலில் வந்தவர். உதவி பெற்று மலாயாவுக்குச் செல்லும் கூலித் தொழிலாளர் குடிபெயர்வை இந்திய அரசு 1938இல் தடை செய்தது. அதற்கு முந்தைய ஆண்டு அது. அப்போது அவருக்கு வயது ஏழு. தாய், தந்தை, மூன்று வயதுத் தம்பி ஆகியோருடன் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினார். மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்து, ஏறத்தாழ ஒரு வாரம் கடலில் கழித்தார்கள்.

கப்பல் பினாங்கை அடைந்ததும் அவர்கள் நேரே ஊருக்குள் போகவில்லை. பெரியம்மை, வாந்திபேதி போன்ற நோய்கள் பரவாமல் இருக்க, தொழிலாளர்களை ஜெரஜாக் தீவில் இறக்கிச் சில நாள்கள் தனிமைப்படுத்தி வைப்பது அக்கால வழக்கம். அம்மை குத்துவார்கள், துணிகளை நீராவியில் அவித்துத் தருவார்கள். அந்தத் தீவில் தம்பிக்குக் காய்ச்சல் கண்டது. வெல்லம் வேண்டுமென்று அழுதுகொண்டே இருந்தானாம். கையில் கொண்டு வந்த வெல்லம் கப்பலிலேயே தீர்ந்து போயிருந்தது. நான்காம் நாள் அவன் இறந்துவிட்டான். அவனை அங்கேயே அடக்கம் செய்தார்கள். மறுநாள் அவர்கள் பிறைக்குப் படகேறி, அங்கிருந்து மந்தினுக்கு வந்து சேர்ந்தார்கள்.

“அம்மா சாகுற வரைக்கும் ‘என் தம்பி அந்தத் தீவுல இருக்கான்’னுதான் சொல்லுவாங்க. ‘செத்துட்டான்’னு ஒரு நாளும் சொன்னதில்லை. சின்ன வயசுல நான் அவரு அங்க உயிரோட இருக்காருன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். நமக்கு ஒரு மாமா இருக்காரு, ஒரு நாள் பார்க்கப் போவோம்னு நினைப்பேன்” என்றாள் மனைவி.

முப்பத்தெட்டு ஆண்டுகள் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்திருக்கிறோம். அவளுக்குப் பயணத்தில் விருப்பமில்லை என்று நினைத்திருந்தேன். அவளுக்குப் போக வேண்டிய இடம் ஒன்று இருந்தது. எந்த இடம் என்று நான் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

அன்று மாலை ஜார்ஜ்டவுன் வீதிகளில் நடந்தோம். 2008ஆம் ஆண்டில் மலாக்காவோடு சேர்த்து உலக மரபுடைமைத் தளமாக யுனெஸ்கோ அறிவித்த நகரம் இது. பழைய பிட் வீதியில் தேவாலயம், சீனக் கோயில், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. அடுத்த வீதியில் 1833ஆம் ஆண்டில் கட்டப்பட்ட ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயம் இருக்கிறது. கப்பலில் வந்தவர்கள் கும்பிட்ட அதே அம்மனை நாங்களும் கும்பிட்டோம். இரவு நாசி கண்டார் சாப்பிட்டோம். தமிழ் முஸ்லிம் வணிகர்கள் ஒரு காலத்தில் தோளில் காவடிபோல் சுமந்து சென்று விற்ற உணவு அது.

லிட்டில் இந்தியாவில் கடைகளைப் பார்த்தபடி வந்தவள், ஒரு மளிகைக்கடையில் சிறிய வெல்லக் கட்டி ஒன்றும் கொஞ்சம் மல்லிகைப்பூவும் வாங்கினாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் பினாங்கு மலைக்குப் போவதாக மகள் திட்டமிட்டுத் தந்திருந்தாள். அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, “நாளைக்கு எங்கே போகலாம்? நீ சொல்லு” என்றேன்.

“தீவுக்குப் போகலாங்க” என்றாள்.

பினாங்கின் கிழக்குக் கரையில், பாலத்துக்குத் தெற்கே உள்ள ஒரு சிறு துறையிலிருந்து படகில் சென்றோம். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. கரையிலிருந்து பார்த்தால் காடு மூடிய குன்றாகத் தெரியும் அந்தத் தீவு, நூறு ஆண்டுகளுக்கு மேலாக மக்கள் விலக்கி வைக்கப்பட்ட இடமாக இருந்திருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொழுநோயாளர்களை இங்கே வைத்தார்கள். பிறகு கப்பலில் வந்தவர்களை வைத்தார்கள். உலகப் போருக்குப்பின் காசநோயாளர்களுக்கு இங்கே மருத்துவமனை இருந்தது. 1969 முதல் 1993 வரை இது சிறைத் தீவு. இப்போது காட்டுப் பாதையில் நடைப்பயிற்சி செய்ய இளைஞர்கள் வருகிறார்கள்.

நாங்கள் கரையோரமாகவே மெல்ல நடந்தோம். இடிந்த செங்கற்சுவர்களை மரவேர்கள் பற்றியிருந்தன. மூன்று வயதுக் குழந்தையை எங்கே அடக்கம் செய்தார்கள் என்று சொல்ல எவரும் இல்லை; தேடிக் கண்டுபிடிக்கும் அடையாளமும் இல்லை. அது அவளுக்கும் தெரியும். ஒரு பெரிய மரத்தடியில் நின்றாள். “இங்கேயே வைக்கட்டுமா?” என்று கேட்டாள். “வை” என்றேன்.

மரத்தடியில் பூவை வைத்து, அதன்மேல் வெல்லக் கட்டியை வைத்தாள். கண்ணை மூடிக் கும்பிட்டாள். நானும் கும்பிட்டேன். பிறகு, வீட்டுக்கு வந்த உறவினரிடம் பேசுவதுபோல், “மாமா, அம்மா வர முடியல. நான் வந்திருக்கேன்” என்றாள். எறும்புகள் அதற்குள் வெல்லத்தைக் கண்டுபிடித்துவிட்டன. அதைப் பார்த்து அவள் சிரித்தாள். அழுவாள் என்று பயந்துகொண்டிருந்த எனக்கு அந்தச் சிரிப்பு பெரிய ஆறுதலாக இருந்தது.

மூன்றாம் நாள் காலை பத்து பெரிங்கி கடற்கரைக்குப் போனோம். முழங்கால் வரை நீரில் நின்றாள். அலை வந்து சேலையை நனைத்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டாள். தோட்டத்தில் வேலை செய்த நாள்களில் அவள் அப்படி நின்று நான் பார்த்ததில்லை. வேலைக்குப் போகும் வேகமோ வீட்டுக்குத் திரும்பும் வேகமோதான் அவள் காலில் எப்போதும் இருக்கும்.

பிற்பகலில் ஃபெரி ஏறினோம். கட்டணம் கேட்க யாரும் இல்லை. “எங்கம்மாவுக்கு ஒரு வழிப் பயணந்தான் கெடைச்சுது. அதுக்கப்புறம் அவங்க ஊரையும் பார்க்கல, தீவையும் பார்க்கல. நமக்குப் பாருங்க, திரும்பி வர்றது இலவசம்” என்றாள். சற்று நேரம் கழித்து, “அடுத்த தடவை எங்கே போகலாம்?” என்று அவளே கேட்டாள்.

நாங்கள் திரும்பி வந்த மறு ஆண்டு, மார்ச் 18ஆம் நாள், நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்தது. தனிமைப்படுத்தல் என்ற சொல் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் நுழைந்தது. கதவை மூடிக்கொண்டு மந்தின் வீட்டில் இருந்த அந்த மாதங்களில், ஒரு கூட்டத்தின் நடுவே வெல்லம் கேட்டு அழுத குழந்தையைப் பற்றி நாங்கள் பலமுறை பேசினோம். அவனைப் பெற்றவர்களின் அச்சம் எங்களுக்கு அப்போது இன்னும் நன்றாகப் புரிந்தது. நாங்கள் ஏறிச் சென்ற பழைய பெரிய ஃபெரிகளும் பிறகு ஓய்வு பெற்றன. இன்னும் ஓர் ஆண்டு தள்ளிப் போட்டிருந்தால், முப்பத்தெட்டோடு இன்னும் சில ஆண்டுகள் சேர்ந்திருக்கும்.

இப்போதெல்லாம் உறவினர் வீட்டு இளையோர் சுற்றுலாத் திட்டத்தோடு வந்து என்னிடம் யோசனை கேட்பதுண்டு. எந்த விடுதி நல்லது, எங்கே சாப்பாடு சுவையாக இருக்கும் என்றெல்லாம் எனக்குச் சொல்லத் தெரியாது. “வீட்டில் இருக்கும் பெரியவர்களிடம், எங்கே போக ஆசை என்று ஒருமுறை கேட்டீர்களா?” என்று மட்டும் கேட்பேன். பெரும்பாலும் அவர்கள் கேட்டிருக்க மாட்டார்கள். நானும் அப்படித்தானே இருந்தேன்.